குதிரை வரையத் தொடங்குகிறவர்களுக்கு

"தம்பி, இந்தக் குதிரை எந்தக் காலுல நிக்குது?"

எனக்கு இருபத்திரண்டு வயதில், ஒரு லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட பெரியவர் கேட்ட கேள்வி இது. நான்கு நாள் உட்கார்ந்து வரைந்த படத்தை ஆசையாக அவரிடம் காட்டியிருந்தேன். பிடரி மயிரை இழை இழையாகத் தீட்டியிருந்தேன். கண்ணில் ஒளிப்புள்ளி வைத்திருந்தேன். அவர் பார்வை அதிலெல்லாம் நிற்கவில்லை, நேராகக் கால்களுக்குப் போயிற்று. பக்கத்தில் கட்டியிருந்த குதிரையைக் கைகாட்டினார். அது ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் நின்றது. தளர்ந்த கால் இருந்த பக்கம் இடுப்பு நாலு விரற்கடை இறங்கியிருந்தது. "இது மூணு காலுல நிக்குது. உன் குதிரை எதுலயுமே நிக்கலியே. கயித்துல கட்டித் தொங்கவிட்டாப்ல இருக்கு" என்றார்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து குதிரை வரைகிறேன். பள்ளி நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் குதிரைதான் இருக்கும். இன்றும் எதிரே ஒரு குதிரை வந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஆனாலும் குதிரையை வரையக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். இந்த உடம்பின் எடை எங்கே இறங்குகிறது? கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

முதல் படி: பென்சில் இல்லாமல் போய் நில்லுங்கள்

புகைப்படத்தைப் பார்த்துத் தொடங்காதீர்கள். உயிருள்ள குதிரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, உரியவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். முதல் இரண்டு தடவை வரையவே வேண்டாம். ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

நிற்கும் இடம் முக்கியம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அதற்குச் சுற்றிலும் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: நேர் பின்னால், நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகில். எனவே தோள் பக்கமாக, மெதுவாகப் பேசிக்கொண்டே நெருங்குங்கள். பின்னால் போய் நிற்கவே கூடாது. பெரிய காகிதம் காற்றில் படபடத்தால் குதிரை மிரளும். ஆகவே கையடக்க நோட்டுப் புத்தகமே நல்லது. பக்கங்களை ஒரு ரப்பர் பேண்டால் பிடித்துவையுங்கள்.

என்ன பார்ப்பது? காதுகளைப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே திரும்பும். எதைக் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஒரு காது போய்விடும். பிறகு பின்னங்கால்களைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது குதிரை எடையை ஒரு பின்னங்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். அப்போது இடுப்பு எப்படிச் சாய்கிறது, முதுகெலும்பு எப்படி லேசாக வளைகிறது, வால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று கவனியுங்கள். நின்றபடியே தூங்கும் அளவுக்கு அதன் கால்களில் தசைநார்களும் மூட்டுகளும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. அந்தப் பூட்டு விழுவதை நேரில் ஒருமுறை பார்த்தவருக்கு நிற்கும் குதிரையின் பின்பாதி மறக்காது.

இப்படி நேரில் பார்ப்பதற்காகப் பெரிய ஓவியர்கள் பட்ட பாடு சாதாரணமானதில்லை. பிரெஞ்சு ஓவியர் ரோசா பொனேர், பாரிஸ் குதிரைச் சந்தைக்கு வாரம் இரண்டு முறை, ஒன்றரை வருடம் போய் வரைந்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்து வரைந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஆண் உடையில் போனார். பெண்கள் கால்சட்டை அணியக் காவல்துறையின் அனுமதிச் சீட்டு தேவைப்பட்ட காலம் அது. 1852-க்கும் 1855-க்கும் இடையில் அவர் தீட்டிய குதிரைச் சந்தை ஓவியம் ஐந்து மீட்டர் அகலம். இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள குதிரைகளின் பின்தொடைகளைப் பாருங்கள். எடை அப்படியே தரையில் இறங்குவது தெரியும்.

இரண்டாம் படி: நான்கு நகங்களின் மேல் நிற்கும் உடம்பு

குதிரையின் எலும்புகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சில மூட்டுகளை மட்டும் உங்கள் உடம்போடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்து பாருங்கள். தரையில் கைகளையும் கால்களையும் ஊன்றிக் குனிந்து நில்லுங்கள். உள்ளங்கையை உயர்த்தி விரல் நுனிகளில் மட்டும் நில்லுங்கள். இப்போது எல்லா விரல்களையும் எடுத்துவிட்டு நடுவிரல் நுனியில் மட்டும் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் குதிரையின் முன்னங்கால். முன்னங்காலில் நாம் 'முட்டி' என்கிற மூட்டு உண்மையில் மணிக்கட்டு. அசல் முழங்கை மேலே, நெஞ்சை ஒட்டி, சேணத்தின் வார் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னங்காலில் பின்பக்கமாகக் கூராகத் துருத்தும் மூட்டு நம் குதிகால். அசல் முழங்கால் வயிற்றோரம் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. குளம்பு என்பது நடுவிரலின் நகம். சவாரிக் குதிரை ஒன்றின் எடை பொதுவாக 400 முதல் 600 கிலோ வரை இருக்கும். அத்தனையும் நான்கு நகங்களின் மேல் நிற்கிறது. அதிலும் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களின் மேல்.

இன்னொரு செய்தி, எனக்கு இது தெரிந்த நாளில் தூக்கம் வரவில்லை. குதிரைக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கும் விலாக்கூட்டுக்கும் நடுவே எலும்போடு எலும்பு சேரும் மூட்டே இல்லை. இரண்டு கால்களுக்கு நடுவில் நெஞ்சு, தசைகளால் ஆன தொட்டிலில் கிடப்பதுபோலக் கிடக்கிறது. நடக்கும்போது தோள் தோலுக்கடியில் வழுக்கிப் போவது இதனால்தான். தோளையும் நெஞ்சையும் ஒரே கட்டையாக வரைந்தால் குதிரை மரக்குதிரை ஆகிவிடும்.

ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் இதைத் தெரிந்துகொள்ள 1750-களின் பிற்பகுதியில் ஒரு தனிமையான பண்ணை வீட்டில் பதினெட்டு மாதம் செலவிட்டார். இறந்த குதிரைகளைத் தூக்கிக் கட்டி, தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக அறுத்து வரைந்தார். அவற்றைச் செப்புத் தகட்டில் தாமே பொறித்து 1766-ல் வெளியிட்டார். அந்தப் படங்கள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. தினம் ஒன்றைப் பார்த்து வரையுங்கள். ஆனால் முதல் படியை முடித்த பிறகு. உயிருள்ள குதிரையைப் பார்க்காதவருக்கு எலும்புப் படம் வெறும் வரைபடமாகத்தான் தெரியும்.

மூன்றாம் படி: தலையால் அளப்பது

அளவுகோல் குதிரையிடமே இருக்கிறது. உச்சந்தலையிலிருந்து உதடுவரை உள்ள தலையின் நீளம்தான் அந்த அளவுகோல். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். குதிரையின் உயரத்தை அளப்பது அந்த மேட்டிலிருந்துதான். அந்த உயரம் ஏறக்குறைய இரண்டரைத் தலை. நெஞ்சின் முன் நுனியிலிருந்து பிட்டத்தின் பின் நுனிவரை உள்ள நீளமும் ஏறக்குறைய இரண்டரைத் தலை. ஆக, கழுத்தையும் தலையையும் விட்டுவிட்டால், வளர்ந்த குதிரை ஒரு சதுரத்துக்குள் அடங்கும். நெஞ்சின் ஆழம் அந்த உயரத்தில் கிட்டத்தட்டப் பாதி, மீதி கால்.

இனத்துக்கு இனம் இது கொஞ்சம் மாறும். குட்டிக்கு முற்றிலும் வேறு. பிறக்கும்போதே கால்கள் பெரும்பகுதி வளர்ந்துவிட்டிருப்பதால் குட்டி, நின்றவாக்கில் இருக்கும் செவ்வகத்துக்குள் அடங்கும்.

புதிதாக வரைகிறவர்கள் தலையைப் பெரிதாக்குவார்கள், முதுகை நீட்டிவிடுவார்கள். தலையை நேசிப்பதால் பெரிதாகிறது. நடுவுடம்பில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைப்பதால் நீள்கிறது. சதுரத்தை முதலில் போட்டுவிட்டால் இரண்டும் கட்டுக்குள் வரும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தரைக்கோடு. இது இல்லாமல் எதுவும் தொடங்க வேண்டாம். அதன்மேல் சதுரம். அதற்குள் இரண்டு பெரிய முட்டைகள், முன்னே நெஞ்சுக்கு ஒன்று, பின்னே இடுப்புக்கு ஒன்று. இரண்டையும் இணைத்து முதுகும் வயிறும். பிறகு கழுத்து. கழுத்தைக் குழாய்போல வரையாதீர்கள். அது தோளருகே அகலமாகத் தொடங்கி உச்சியில் ஒடுங்கும் ஆப்பு. கழுத்தெலும்பு பிடரி மயிரை ஒட்டி ஓடுவதாக நினைப்போம். உண்மையில் தோளருகே வரும்போது அது வெகுவாகக் கீழே இறங்கியிருக்கும். தலை கடைசியில் வரட்டும்.

இதே வரிசையில் தினம் இருபது படம், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். நன்றாக வந்ததா என்று பார்க்காதீர்கள், அடுத்ததற்குப் போங்கள். ஒரு மாதத்தில் அறுநூறு குதிரை ஆகிவிடும்.

நான்காம் படி: கால்கள்

இங்கே நிதானமாக இருங்கள். மற்ற இடத்தில் பிழை இருந்தால் பார்ப்பவர் மன்னித்துவிடுவார், காலில் இருந்தால் குதிரை விழுந்துவிடும்.

பக்கவாட்டில் பார்க்கும்போது இரண்டு தூக்குக்குண்டுக் கோடுகளை மனதில் விடுங்கள். பிட்டத்தின் பின் நுனியிலிருந்து ஒன்று. நன்றாக அமைந்த குதிரைக்கு அது குதிகால் மூட்டின் பின்புறத்தைத் தொட்டு, அதன் கீழுள்ள எலும்பை ஒட்டியபடியே தரைக்கு வரும். இன்னொன்று தோள்பட்டை எலும்பின் நடுவிலிருந்து. அது முன்னங்காலின் நடுவாக இறங்கிக் குளம்புக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடும். இந்த இரண்டும் சரியாக விழுந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

முன்னங்கால் முட்டிக்கும் பின்னங்கால் குதிகால் மூட்டுக்கும் கீழே சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. எலும்பு, நரம்புக் கயிறுபோல் நீண்ட தசைநார், தோல், அவ்வளவுதான். ஆகவே மேலே மெத்தென்று போட்ட கோடு கீழே வரும்போது கறாராக மாற வேண்டும். நிழலும் அப்படியே. தொடையில் நிழல் மெல்லக் கரையும். கீழ்க்காலில் வெட்டினாற்போல நிற்கும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே படத்தில் எலும்பு வந்துவிடும்.

குளம்புக்கு மேலே ஒரு சாய்வான குட்டைப் பகுதி, அதற்கும் மேலே உருண்டையாக ஒரு மூட்டு. எடையைக் காட்டிக்கொடுப்பது இந்த மூட்டுதான். எடை இறங்கிய காலில் அது பின்னோக்கித் தாழ்ந்து, சாய்வு படுத்துவிடும். ஓட்டத்தின் உச்சத்தில் மூட்டு தரையைத் தொடும் அளவுக்கே தாழும். எடை இல்லாத காலில் அதே மூட்டு முன்னோக்கித் தளர்ந்து நிற்கும். நிற்கும் குதிரையின் நான்கு கால்களிலும் இந்தச் சாய்வை ஒரே மாதிரி வரைந்திருந்ததுதான் என் முதல் படத்தின் குறை. பெரியவர் கண்டது அதைத்தான். அன்று வீட்டுக்கு வந்து அந்த மூட்டை மட்டும் மூன்று வாரம் வரைந்தேன். நூற்றுக்கணக்கில். இன்றும் புதிய படத்தைத் தொடங்கும்போது முதலில் குறிப்பது அந்த நான்கு மூட்டுகளையும்தான்.

குளம்பின் முன்பக்கச் சரிவும் அதற்கு மேலுள்ள சாய்வும் ஒரே கோட்டில் ஓடும். முன்குளம்பு வட்டமாக, அகலமாக இருக்கும். பின்குளம்பு ஒடுங்கி, கொஞ்சம் கூராக இருக்கும். முதல் வருடம் முழுக்கக் குளம்புகளைப் புல்லுக்குள் மறைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மறைக்கத் தொடங்கினால் கடைசிவரை மறைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: முகம்

முகத்தில் பெரும்பகுதி எலும்பும் தோலும்தான். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் நீளமாக ஒரு எலும்பு விளிம்பு ஓடும். வெளிச்சம் அங்கே உடையும். மூக்கும் உதடும் மட்டும் மென்மை. அந்த வேறுபாடு தெரிந்தால் முகம் அமைந்துவிடும். கண் உச்சியிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கீழே இருக்கும். பாப்பா வட்டமல்ல, கிடைமட்டமாக நீண்டது. கண்ணில் வெள்ளை விழியைக் காட்டாதீர்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு மிரளும்போதுதான் அது தெரியும். அமைதியாக நிற்கும் குதிரைக்கு வெள்ளை விழி வைத்தால் முகம் அலறும்.

ஆறாம் படி: ஓட்டம், நடை

நாலுகால் பாய்ச்சலில்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் நடையிலிருந்து தொடங்குங்கள். நடையில் குளம்பு தரையில் விழும் ஓசை நான்கு தட்டு: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். அடுத்த வேகத்தில் இரண்டு தட்டு. குறுக்காக எதிரெதிர்க் கால்கள் ஜோடியாக இறங்கும். அதற்கடுத்த மெல்லோட்டத்தில் மூன்று தட்டு. பாய்ச்சலில் மறுபடி நான்கு தட்டு, பிறகு ஒரு கணம் எல்லாக் கால்களும் காற்றில். மேசையில் விரல்களால் தட்டிப் பாருங்கள். காது பழகினால் கண்ணும் பழகும்.

எல்லாக் கால்களும் காற்றில் இருக்கும் அந்தக் கணத்தை ஓவியர்கள் நூற்றாண்டுகளாகத் தவறாகவே வரைந்தார்கள். முன்னங்கால்கள் முன்னே நீள, பின்னங்கால்கள் பின்னே நீள, குதிரை காற்றில் மிதக்கும். பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ 1821-ல் தீட்டிய, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தய ஓவியம் அப்படிப்பட்டதே. 1878-ல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் கலிஃபோர்னியாவில் பந்தயப் பாதையோரம் வரிசையாகக் கேமராக்களை வைத்து, ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். கால்கள் காற்றில் இருக்கும் கணத்தில் அவை நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் ஒன்றாகக் கூடியிருந்தன. தெகா போன்ற ஓவியர்கள் அந்தப் படங்களைப் பார்த்து வரைந்து பழகினார்கள்.

இன்று கைபேசியில் வேகம் குறைத்து எடுக்கும் வசதி எல்லாரிடமும் இருக்கிறது. எடுங்கள், நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஆனால் நிறுத்திய ஒரு காட்சியை அப்படியே வரையாதீர்கள். கண் ஒருபோதும் தனித்துக் காணாத கணங்கள் அவற்றில் நிறைய உண்டு, படத்தில் அவை முடமாகத் தெரியும். ஒரு கால் முழு எடையைத் தாங்கும் கணத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: பக்கத்தில் நின்று எடுத்தால் கைபேசி தலையை ஊதிப் பெரிதாக்கி, பின்பாதியைச் சுருக்கிவிடும். பத்துப் பன்னிரண்டு அடி எடுத்துவைத்துத் தள்ளிப் போய், குதிரையின் நெஞ்சு உயரத்தில் கைபேசியைப் பிடித்து, ஜூம் செய்து எடுங்கள்.

ஏழாம் படி: வண்ணம்

குழாயிலிருந்து பழுப்பைப் பிதுக்கிக் குதிரை முழுக்கப் பூசாதீர்கள். குதிரையின் தோல்மயிர் குட்டையானது, படிந்தது, பளபளப்பானது. தன் நிறத்தை விடச் சுற்றியுள்ளவற்றின் நிறத்தைத்தான் அது அதிகம் காட்டும். வெட்டவெளியில் நிற்கும் கருங்குதிரையின் முதுகைப் பாருங்கள். அங்கே வானம் படிந்து நீலமாக இருக்கும். அதன் வயிற்றடியைப் பாருங்கள். செம்மண் தரையானால் அங்கே ஆரஞ்சுச் சூடு, புல்தரையானால் மங்கலான பச்சை. மேலே குளிர்ச்சி, கீழே தரையின் நிறம், நடுவே பக்கவாட்டில் மட்டும்தான் குதிரையின் சொந்த நிறம். முதல்முறை இதைப் பார்த்தபோது ஒரு கருங்குதிரையின் முதுகில் தூய நீலத்தை வைக்கக் கை நடுங்கியது. வைத்துவிட்டு நான்கடி பின்னால் வந்து பார்த்தேன். வெயில் வந்திருந்தது.

ஐந்து வண்ணங்கள் போதும்: பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், எல்லோ ஆக்கர், அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் வெள்ளை. கறுப்பு வாங்க வேண்டாம். பர்ன்ட் அம்பரையும் அல்ட்ராமரினையும் கலந்தால் கிடைக்கும் கறுப்பை நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ இழுத்துக்கொள்ளலாம். கடைக் கறுப்பு அப்படி அசையாது.

நிறங்களில் தெரிந்திருக்க வேண்டியவை சில. உடல் செம்பழுப்பாக இருந்து கீழ்க்கால், பிடரி, வால் மூன்றும் கறுப்பாக இருப்பது ஒரு வகை. உடல், பிடரி, வால் எல்லாமே செம்மையாக, கறுப்பே இல்லாமல் இருப்பது இன்னொரு வகை. இரண்டையும் கலந்துவிடாதீர்கள். நாம் 'வெள்ளைக் குதிரை' என்று சொல்வதில் பெரும்பாலானவை பிறக்கும்போது கருமையாகவோ பழுப்பாகவோ இருந்து, வயதாக ஆக நரைத்தவை. அவற்றின் தோல் கறுப்புதான். மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் அந்தக் கறுப்பு தெரியும். அங்கே ரோஜா நிறம் வைத்தால் குதிரை தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

தூரிகையை மயிர் படிந்த திசையில் இழுங்கள். நெற்றியில் ஒரு சுழி இருக்கும், இடுப்பு மடிப்பருகே இன்னொன்று. அந்த இடங்களில் திசை மாறும். பிடரி மயிரை இழையாக வரைவதைக் கடைசி நாளுக்கு ஒத்திவையுங்கள். முதலில் அது ஒரே நிழல்திரள்.

எட்டாம் படி: தரை

பின்னணியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ஸ்டப்ஸ் வரைந்த, விசில்ஜாக்கெட் என்ற குதிரையின் படத்தைத் தேடிப் பாருங்கள். 1762 வாக்கில் தீட்டியது, கிட்டத்தட்ட ஆளுயரத்துக்கும் மேலே, அசல் குதிரையின் அளவு. முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னங்கால்களில் எழும் குதிரை. மரமில்லை, வானமில்லை, அடிவானம்கூட இல்லை, வெறும் வெளிர் நிறப் பரப்பு. அப்படியும் அது மிதக்கவில்லை. பின்குளம்புகளுக்கு அடியில் சின்னதாக நிழல் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். உங்கள் படத்திலும் குளம்பு தரையைத் தொடும் இடத்தில் மிகக் கருமையான ஒரு மெல்லிய கோடு வேண்டும். உடம்பின் நிழல் மங்கலாகப் பரவலாம், அந்தக் கோடு மங்கக் கூடாது. தளர்ந்த காலில், நுனி மட்டும் தொடும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

படம் முடிந்ததும் கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள், சாய்வு இருந்தால் உடனே தெரியும். பிறகு குதிரையோடு வாழ்கிற ஒருவரிடம் காட்டுங்கள். ஓவியரிடம் காட்டுவதைவிட அது பயன். அவர் வண்ணத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் போகலாம். காலைப் பற்றிக் கட்டாயம் சொல்வார்.

இரண்டு வருடம் கழித்து அதே பெரியவரிடம் இன்னொரு படத்தோடு போனேன். வேறொரு இடத்தில் பார்த்த சாம்பல் குதிரை. பின்னங்கால்கள் இரண்டையும் ஊன்றி, இடது முன்னங்காலை மட்டும் ஒரு சாண் முன்னே வைத்து நின்றது. அழகாக இருக்கிறதென்று அப்படியே வரைந்திருந்தேன். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "பின்னங்காலைத் தளத்தி நின்னா ஓய்வு. முன்னங்காலை இப்படி நீட்டி வச்சா நோவு. இதோட இடது குளம்பைப் பாக்கச் சொல்லு, தம்பி" என்றார்.

மறுநாள் அந்த இடத்துக்குப் போய்த் தயக்கத்தோடு விசாரித்தேன். நான் வரைந்த வாரத்திலேயே மருத்துவர் வந்திருக்கிறார். இடது முன்குளம்புக்குள் சீழ் கோத்திருந்ததாம்.